தண்ணீருக்கு எலும்பு பார்ப்பவர்

“இருபத்திநாலு… இருபத்தஞ்சு… பொறுங்க, பொறுங்க, தண்ணி யோசிக்குது.”

கிணற்றுக் கட்டில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸாலிஹ் நானா மருந்துப் போத்தல் ஒன்றைக் காதருகே பிடித்துக் குலுக்குகிறார். போத்தலில் பாதிக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர். இன்னொரு சின்னக் குப்பியிலிருந்து சவர்க்காரக் கரைசலை அதில் ஒரு துளி விடுகிறார்; தக்கையால் மூடுகிறார்; குலுக்குகிறார்; போத்தலைப் படுக்க வைத்து உற்றுப் பார்க்கிறார். நுரை உடைந்தால் இன்னொரு துளி. நுரை எழும்பி, அவர் மூன்று முறை குல்ஹுவல்லா சூரா ஓதி முடிக்கும்வரை கலையாமல் நிற்க வேண்டும். நின்றுவிட்டால் அதுவரை விட்ட துளிகளின் தொகைதான் அந்தக் கிணற்றின் இலக்கம். இருபத்தாறாவது துளியில் நுரை நின்றது. வீட்டுக்காரப் பெண்மணியின் பக்கம் திரும்பி, ஆண் குழந்தை பிறந்த செய்தி சொல்லும் டாக்டரைப் போல அறிவிக்கிறார்: “இருபத்தாறு. நல்ல எலும்புள்ள தண்ணி.”

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வசிப்பவர்கள் இந்தக் காட்சியைக் காணாமல் இருந்திருக்க முடியாது. கறுப்புக் கோட்டு, குஞ்சம் அறுந்த துருக்கித் தொப்பி, கோடு போட்ட சாரம், கக்கத்தில் குடை, கையில் தகரப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு சவர்க்காரக் கம்பனியின் கட்டிகள். வீடு வீடாகப் போய் அவற்றை விற்பதுதான் அவருடைய உத்தியோகம். கடலோரக் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம். அந்தத் தண்ணீரில் எந்தச் சவர்க்காரமும் நுரைக்காமல் தயிர் போலத் திரியும். பெண்கள் சவர்க்காரத்தைத் திட்டுவார்கள். குற்றம் கட்டியில் இல்லை, கிணற்றில்தான் என்று நிரூபிப்பதற்காகக் கம்பனி தன் ஆட்களுக்கெல்லாம் ஆளுக்கொரு போத்தல் கொடுத்தது. மற்றவர்கள் ஒரு கிழமை குலுக்கிப் பார்த்துவிட்டுப் போத்தலில் தேன் ஊற்றி வைத்தார்கள். ஸாலிஹ் நானாவுக்கு மட்டும் பித்துப் பிடித்துவிட்டது.

பன்னிரண்டு வருஷமாகக் குலுக்குகிறார். எந்த வீட்டையும் அவர் வீட்டுக்காரரின் பெயரால் நினைவில் வைத்திருப்பதில்லை; கிணற்றின் இலக்கத்தால்தான். “பத்தொம்பதாம் நம்பர் ஊட்டுப் புள்ளக்கி கலியாணமாம்” என்று பாமன்கடையில் தம் வீட்டில் வந்து சொன்னால், மனைவி ஜவாஹிறா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டுக் கேட்பார்: “கலியாணம் புள்ளைக்கா, கெணத்துக்கா?” யார் வீட்டில் தேநீர் கொடுத்தாலும் குடிப்பதற்கு முன் கோப்பையைச் சாய்த்து, மேலே சுண்ணாம்பு ஆடை படிகிறதா என்று பார்ப்பார். புதிதாக வந்த மருமகள்கள் அதைக் கண்டு முகம் சிவந்து, கோப்பையைத் திரும்ப வாங்கிக் கழுவப் போனதும் உண்டு.

இங்கிலாந்தில் முடிசூட்டு விழா நடந்த வருஷத்தில் கொழும்பில் கண்ணாடித் தொட்டிக் கிறுக்கு ஒன்று பரவியது. கொஞ்சம் வசதி வந்தவர்கள் முன்மண்டபத்தில் ஒரு தொட்டி வைத்து மீன் வளர்த்தார்கள். மீன்கள் செத்தன. புதிது வாங்கினார்கள், அவையும் செத்தன. யாரோ ஒருவர் “தண்ணி தெரிஞ்ச ஆள் ஒண்டு இருக்கு” என்று சொல்ல, ஸாலிஹ் நானாவின் திசை மாறியது. போத்தலோடு இன்னொரு ஆயுதமும் சேர்ந்துகொண்டது. சப்பாத்துப்பூ என்கிற செம்பருத்தியின் இதழை மை ஒற்றும் தாளில் தேய்த்துக் காயவைத்த துண்டுகள், ஒரு பழைய சிகரட் தகரத்தில். தண்ணீரில் தோய்த்தால் புளிப்புக்குத் தாள் சிவக்கும், சுண்ணாம்புக்குப் பச்சையாகும், இரண்டுக்கும் நடுவே ஊதாவாக நிற்கும். “போத்தல் எலும்பச் செல்லும், பூத்தாள் கொணத்தச் செல்லும்” என்பார்.

எலும்பு என்பது அவருடைய சொந்தத் தத்துவம். “இந்தக் கொழாத் தண்ணி ஈக்கே, லபுகம மலையால வாறது, அதுக்கு எலும்பு இல்ல. மீன் அதுலதான் தின்னுது, அதுலதான் கழியுது. நாலு நாள் அப்பிடிப் போனா தண்ணி புளிப்புப் பக்கம் சரிஞ்சி உழுந்துரும். கெணத்துத் தண்ணி அப்பிடியில்ல. எத்தன பேர் தள்ளினாலும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கும்.” கேட்பவர் உடனே, அப்படியானால் கிணற்றுத் தண்ணீர்தானே நல்லது என்பார். நானா கையைக் காட்டி மறிப்பார். “அவசரப்படாதீங்க. மீனுக்கு எலும்பு கூடினாலும் பொறுக்கும், கொறஞ்சாலும் பொறுக்கும். இண்டைக்கொண்டு நாளைக்கொண்டு எண்டாதான் பொறுக்காது.”

கொட்டாஞ்சேனையில் பல் டாக்டர் ஒருவர் அழகுக்காகத் தொட்டியில், சுண்ணாம்பு ஊறும் கடல் முருகைக்கற்கள் ஐந்தை அடுக்கி வைத்திருந்தார். பூத்தாள் பாசி போலப் பச்சையாகிவிட்டது. எல்லாக் கல்லையும் அன்றைக்கே தூக்கி எறிய டாக்டர் கையை விட்டார். நானா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கிழமைக்கு ஒரு கல்தான் எடுக்கலாம் என்று கண்டிப்பான உத்தரவு. ஒரே இழுப்பில் ஊரார் பல்லைப் பிடுங்குகிற மனிதர் ஐந்து கல்லைப் பிடுங்க ஐந்து கிழமை காத்திருந்தார். மீன்கள் பிழைத்தன. “தண்ணி மாஸ்டர்” என்ற பட்டம் அன்றிலிருந்துதான். இதற்கெல்லாம் நானா ஒரு சதமும் கேட்பதில்லை. ஒரு தேநீர், அந்தப் பட்டம், அவ்வளவு போதும். பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொள்வார். அது அவருடைய சந்தோஷம்.

இந்தச் சந்தோஷத்துக்குக் கண்டம் வந்தது கதிர்காமநாதன் வீட்டில்.

கதிர்காமநாதன் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். பதினைந்து வருஷமாக வெள்ளவத்தை. பேப்பருக்குக் கடிதம் எழுதுவது அவருடைய பொழுதுபோக்கு. தெருவிளக்கு எரியாவிட்டால் கடிதம், பஸ் பிந்தினால் கடிதம். அவர் ஒரு தொட்டி செய்வித்து, மழைக்காட்டு ஓடையில் பிடித்த புலத்ஹப்பயா மீன்கள் பதினொன்றை வாங்கி விட்டார். வெற்றிலை சப்பி என்று சிங்களவர் வைத்த பெயர் அது. ஆண் மீனுக்குச் சந்தோஷம் வந்தால் வெற்றிலை போட்ட வாய் போல முகமெல்லாம் சிவக்கும். தாமே ஓயாமல் வெற்றிலை போடுகிற ஸாலிஹ் நானாவுக்கு அந்த ஆண் மீனைக் கண்ட உடனேயே பிடித்துப்போய்விட்டது. “மாப்பிள்ள” என்று பெயரும் வைத்தார். “பயப்படாதீங்க ஐயா. கொழாத் தண்ணி ஊத்துங்க. சனிக்கிழமையில பாதித் தண்ணிய மாத்துங்க. என்ட கைபட்ட தொட்டியில மீன் மௌத்தானதா சரித்திரம் இல்ல.”

இரண்டு மாதத்தில் எட்டு மீன் செத்தது.

அந்த ஒழுங்கைக்கு நானா போவது திங்கட்கிழமைகளில். போகும்போதெல்லாம் வாசலிலேயே செய்தி காத்திருக்கும்: சனிக்கிழமை ஒன்று போய்விட்டது. நானா போத்தலைக் குலுக்குவார். பன்னிரண்டு அல்லது பதின்மூன்று துளி. வெறும் குழாய்த் தண்ணீர் என்றால் நாலில் நிற்க வேண்டும். அடியில் பரப்பிய மணலில் சுண்ணாம்பு இருக்கிறது போலும் என்று யோசித்து, ஒரு வைத்தியம் சொன்னார்: சனிக்கிழமை போலவே ஞாயிறும் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது. கதிர்காமநாதன் கந்தோர்க் கட்டளையைப் போல அதை நிறைவேற்றினார். துளி எட்டு ஒன்பதுக்கு இறங்கியது; மீன்கள் இன்னும் வேகமாகச் செத்தன. மாப்பிள்ளையின் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

“நானா, இன்னும் மூண்டுதான் கிடக்கு,” என்றார் கதிர்காமநாதன் ஒரு திங்கட்கிழமை. “இதுகளும் போச்சுதெண்டால் நான் சும்மா இருக்கமாட்டன். உங்கட துளிக்கணக்கு முழுப் பொய்யெண்டு பேப்பருக்கும் எழுதிப் போடுவன், உங்கட கம்பனிக்கும் எழுதிப் போடுவன். பிறகு குறை சொல்லக்கூடாது.”

கம்பனிக்கு ஒரு கடிதம் போனால் என்ன நடக்கும் என்று நானாவுக்குத் தெரியும். சவர்க்காரத்தை மட்டும் விற்றுக்கொண்டு வா, போத்தலை இங்கே வை என்பார்கள். போத்தல் இல்லாமல் ஒரு கிணற்றடியில் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்று இரண்டு வீடுகளில் தேநீரைக் குனிந்து பாராமலே குடித்தார்.

வியாழக்கிழமை மாலை ஜவாஹிறாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ஜவாஹிறா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். “மீனெல்லாம் சனிக்கிழமையில மௌத்தாகுது. நீங்க போறது திங்கக்கிழமையில. மையத்து எடுத்த பொறகு போய் நாடி பாத்தா எனத்தியன் தெரியும்?”

வெள்ளிக்கிழமைகளில் ஸாலிஹ் நானா எந்த வீட்டுக்கும் போவதில்லை. முழுகி, நகம் வெட்டி, அத்தர் பூசி, ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற நாள். இந்த வெள்ளி மட்டும், வெள்ளை உடுப்பும் அத்தருமாகக் காலை ஒன்பது மணிக்கே கதிர்காமநாதன் வீட்டு வாசலில் போய் நின்றார். ஐயா கந்தோருக்குப் போயிருந்தார். வீடு முழுக்க ஈரம். பழப்புளி போட்டு மினுக்கிய குத்துவிளக்குகள் முற்றத்தில் வெயில் காய்ந்தன. சாம்பிராணி மணத்தது. வேலை செய்யும் பழனியம்மா மீன்தொட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து, சரித்து, தண்ணீரைத் தேமா மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பித்தளை அண்டா. காகம் கொத்தாமல் மேலே சுளகு. சுளகுக்குக் கீழே மூன்று மீன்கள்.

“நிப்பாட்டுங்க! கைய நிப்பாட்டுங்க பழனியம்மா!”

பழனியம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பாதித் தண்ணீர் தப்பியது.

கிணற்றடியிலிருந்து கதிர்காமநாதனின் மனைவி அருந்ததி வந்தார். முழுகிய தலையில் துவாய், இடுப்பில் குடம். நானாவை வெள்ளிக்கிழமையில் கண்டது அவருக்கு ஆச்சரியம். ஆனாலும் முகத்தில் ஒரு பெருமை.

“நல்ல வேளைக்கு வந்தியள் நானா. ஒவ்வொரு வெள்ளியும் நானே நிண்டு கழுவுறனான். வீட்டில இருக்கிற சீவனெல்லாம் முழுகேக்கை, அதுகளை மட்டும் பழந்தண்ணியில விடலாமோ? அதுகளும் முழுகவேணுமெல்லோ?”

“எந்தத் தண்ணி தங்கச்சி ஊத்துற?”

“கிணத்துத் தண்ணிதான். குழாய்க்கு மாட்டுத்தோல் வாசர் பூட்டியிருக்கு. விளக்குக்கு ஆகாத தண்ணி வெள்ளிக்கிழமையில அதுகளுக்கு மட்டும் ஆகுமோ?”

நானாவின் மனக்கணக்கு ஓடியது. அந்தக் கிணறு இருபத்திரண்டு. வெள்ளி காலையில் மீன்கள் இருபத்திரண்டுக்குள் விழுகின்றன. சனிக்கிழமை ஐயா பாதியை மாற்ற, பதின்மூன்று. ஞாயிறும் மாற்ற, எட்டோ ஒன்பதோ. திங்கட்கிழமை தாம் வந்து குலுக்கி, பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். அடுத்த வெள்ளி மறுபடியும் இருபத்திரண்டு. பொம்மைக் குதிரையில் ஏற்றி ஆட்டுவது போல எட்டுக் கிழமையாக அந்த மீன்களை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள், ஒரு கையால் இந்தப் பெண்ணும் மறு கையால் அவருமாக.

கண்டுபிடித்துவிட்ட ஆனந்தத்தில் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அருந்ததி குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

“ஒவ்வொண்டு சாகேக்கையும் எனக்கு நெஞ்சு பதறுது நானா. எங்கயோ ஒரு அழுக்கு கிடக்குதெண்டுதானே சாகுதுகள்? அதுதான் கிழமைக்குக் கிழமை இன்னும் வடிவாக் கழுவுறன். இண்டைக்கு விடியவே எழும்பித் துடங்கினனான்.” சொல்லிவிட்டு மல்லிகைச் செடியடியைப் பார்த்தார். அங்கே சின்னச் சின்னதாக எட்டுக் கல் நட்டிருந்தது.

ஸாலிஹ் நானா திறந்த வாயை மூடிக்கொண்டார். பள்ளிவாசலுக்கு இன்னும் நேரம் இருந்தது. சட்டைக்கையை முழங்கைவரை மடித்தார்.

“தங்கச்சி, ஒங்கட கெணத்துத் தண்ணிதான் நல்லம். நான்தான் கொழாத் தண்ணி எண்டு பிழையாச் செல்லிப்போட்டன். இந்தப் பழந்தண்ணி அப்பிடியே ஈக்கட்டும், மீன அதுலயே உடுங்க. ஒரு நாளைக்கி ஒரு செம்பு எடுத்துட்டு, கெணத்துத் தண்ணி ஒரு செம்பு ஊத்துங்க. கொஞ்சம் கொஞ்சமா எலும்பு ஊறும். வெள்ளிக்கிழமையிலயும் அவ்வளவுதான். அந்த ஒரு செம்புதான் அதுகளுக்கு முழுக்கு. சனி ஞாயிறு ஐயாவயும் தண்ணி மாத்த உடாதீங்க, காரணத்த நான் திங்கக்கிழம செல்லுறன்.”

“ஒரு செம்பு காணுமோ நானா?”

“காணும். நெய்யத்து, மனசுல வெச்ச எண்ணம், பெருசாயிருந்தாச் சரி.”

அருந்ததி சிரித்தார்.

திங்கட்கிழமை கதிர்காமநாதன் வாசலிலேயே நின்றார். மூன்று மீனும் உயிரோடு இருந்தன. ஆனால் அவருக்குக் காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் கடிதத்தைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. நானா நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“பிழை என்டதுதான் ஐயா. மணல்ல சுண்ணாம்பெண்டு நெனச்சி, சனி ஞாயிறு தண்ணி மாத்தச் சென்னேனே, அந்த வைத்தியம்தான் கொன்னது. இனிமே கொழாத் தண்ணி ஊத்தாதீங்க.”

“அப்ப எட்டு மீனும் உங்கட கணக்கிலயோ?”

“எட்டும் என்ட கழுத்துலதான்.”

உள் வாசலில் தொங்கிய சீலை அசைந்து நின்றது. அதற்குப் பின்னால் யாரோ குசினிக்குப் போகப் புறப்பட்டுவிட்டு, போகாமல் நிற்பது தெரிந்தது.

கதிர்காமநாதனுக்கு அளவில்லாத மகிழ்ச்சி. இவ்வளவு சுத்தமான வெற்றி அவருக்குக் கந்தோரிலும் கிடைத்ததில்லை. “மனுசன் பிழையை ஒப்புக்கொண்டிட்டார், விடுவம்” என்று கடிதத்தைக் கைவிட்டுத் தாராள மனதோடு மன்னித்தார். மன்னித்துவிட்டு, பஸ்சில் சொன்னார், வாசிகசாலையில் சொன்னார், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். தண்ணி மாஸ்டர் சறுக்கிய கதை இரண்டு கிழமையில் தெகிவளை எல்லைவரை போனது. கொட்டாஞ்சேனைப் பல் டாக்டர்கூட, “உண்மையா ஸாலிஹ், எட்டாமே?” என்று கேட்டார். நானா, “எட்டுத்தான் டாக்டர்” என்று சொல்லிவிட்டுப் பூத்தாளைத் தோய்த்தார். பெண்கள் அவர் கண்முன்னே சிரிப்பை அடக்கிக்கொண்டு குடத்தைக் கொடுத்தார்கள். பட்டத்தைச் சொல்லி அழைப்பார் இல்லை. குடையும் ஒரே கையில் இருந்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் தேநீரைக் குனிந்து பார்ப்பது மட்டும் திரும்பி வந்துவிட்டது. போத்தல் கையில் இருக்கிறதே என்று ஜவாஹிறாவிடம் சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் வெள்ளி. ஜும்ஆ முடிந்து பாமன்கடைக்குத் திரும்பியபோது வீட்டு வாசலில் பழனியம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு போத்தல் நிறையத் தண்ணீர். வாயில் வாழையிலைத் துண்டு வைத்து நாரால் கட்டியிருந்தது.

“அம்மா குடுத்துவிட்டாங்க. இன்னிக்கு ஒரு செம்பு ஊத்தப்போற கெணத்துத் தண்ணிங்க. ஊத்துறதுக்கு முன்னாடி தண்ணி மாஸ்டர் பாத்துச் சொல்லணுமாம். மாப்பிள்ளைக்கு மூஞ்சி நல்லாச் செவந்துருச்சுங்க.” கொஞ்சம் தயங்கி, தாழ்வாரத்தில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். “அப்பறம், நீங்க ஐயாகிட்ட சொன்னத அம்மா கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்களாம். அந்த எட்டும் யாரு கணக்குன்னு அவங்களுக்குத் தெரியும்னு சொல்லச் சொன்னாங்க.”

ஜவாஹிறா உள்ளே போய் மருந்துப் போத்தலையும் சவர்க்காரக் குப்பியையும் எடுத்துவந்து நீட்டினார். ஸாலிஹ் நானா வேண்டாமென்று கையை அசைத்தார். இலையை அவிழ்த்தார். போத்தலின் வாய் எதிலும் படாமல் உயர்த்திப் பிடித்து, தம் குவளையில் பாதியை ஊற்றினார். மிச்சத்தைப் பழையபடி இலை வைத்து, நார் சுற்றி, இரண்டு கையாலும் பழனியம்மாவிடம் கொடுத்தார்.

“ஊத்தச் செல்லுங்க.”

பிறகு படியில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, சுண்ணாம்பு கரிக்கிற அந்தக் கிணற்றுத் தண்ணீரை முகம் சுளிக்காமல் மூன்று மிடறில் குடித்து முடித்தார்.